அண்ணியிடம் நீ சொல்ல வேண்டியது

திருவொற்றியூர் குப்பம்

அன்பு மகள் கார்குழலிக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிர் ஊரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் அங்காளம்மன் பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் பேசினால் உன் அண்ணி மோகனப்ரியா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள், அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது படி.

வேம்புக்குப் பேச்சு வந்துவிட்டது. படகு கவிழ்ந்த அன்று உன் அண்ணன் அர்ஜுனோடு போனவன் அவன் ஒருவன்தானே, இத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். நேற்று நான் போனதும் கையைப் பிடித்துக்கொண்டு, மாமா, டீசல் கேனைப் புட்ச்சிகினுதான் மெதந்தோம், அவனுக்கு மண்டையில அடி, கை தானா வுட்டுச்சு, முங்கிப் போனத என் கண்ணால பாத்தேன் என்று சொல்லி அழுதான். வீட்டுக்கு வந்து சொன்னேன், உன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை. மோகனா மட்டும் அழவில்லை. அவனே மயக்கத்துல கெடந்தான், அவன் இன்னாத்த பாத்தான் என்று என்னையே கேட்டாள்.

அன்றைக்குப் போனில், தேடிக் கிடைக்கலைன்னா ஆளே இல்லைன்னு சொல்லிட முடியாது அண்ணி என்று அவளிடம் சொன்னாயாம். யாரும் காணாத துகளைத் தேடுறவ குழலி, அவளே சொல்லிட்டா, நீங்க யாரு முடிவு கட்ட என்கிறாள். லீவில் வந்தபோது உன் இயற்பியல் படிப்பைப் பற்றி எனக்கும் அப்படித்தானே விளக்கினாய்? இந்த இடத்தில், இந்த வலைக்கண்ணில் சிக்கும் மீன் இல்லை என்றுதான் சொல்லலாம், கடலிலேயே மீன் இல்லை என்று சொல்லக் கூடாது, எங்கள் துகளும் அப்படித்தான் அப்பா என்றாய். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். உன் மேல் தப்பில்லை கண்ணு, படிப்புப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. ஆனால் அவள் அந்த ஒரு வார்த்தையில்தான் உயிரை வைத்திருக்கிறாள்.

விடிந்தால் எண்ணூர் முகத்துவாரத்தில் போய் நிற்கிறாள், சோறு இறங்கவில்லை, தலையெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பலோடு திரும்புகிறாள். உடல் கிடைக்காதவனுக்கு நம் குப்பத்தில் வைக்கோலில் உருவம் செய்து அவன் சட்டையைப் போட்டுக் கரையில் எரிப்போம், உனக்குத் தெரியும். சட்டையைப் பெண்டாட்டிதான் எடுத்துத் தர வேண்டும். இவளோ அர்ஜுனின் நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுகிறாள், மறுநாளும் அதையே துவைக்கிறாள். காரியம் முடியாமல் பங்காளிகள் யாரும் கடலில் இறங்கமாட்டார்கள், படகெல்லாம் கரையிலேயே கிடக்கிறது. பஞ்சாயத்தார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சோதனையில் புதுக் கணக்கு வந்தால் பழைய பேச்சை மாற்றிக்கொள்வோம் என்றும் நீ சொல்லியிருக்கிறாய். வேம்பு சொன்னதை அப்படி எடுத்துக்கொள். இருக்கலாம், தெரியாது என்று இழுக்காதே. அண்ணன் செத்துப்போய்விட்டான் என்று நேராகச் சொல். அவள் கத்துவாள், உன்னைத் திட்டுவாள், போனை வைத்துவிடாதே. படிப்பை விட்டுவிட்டு ஓடி வரவும் வேண்டாம், உன்னை அனுப்பியே தீர வேண்டும் என்று நின்றவன் அவன்தான். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அதற்கு மேல் இப்போது எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் மறக்காமல் அண்ணியைக் கூப்பிடு. போனை ஸ்பீக்கரில் போடச் சொல். அம்மாவும் நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்போம். எங்களுக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

உன் அப்பா,
சுப்புராயன்