ஊற்றாமல் கொண்டுவந்த எள்

தாத்தா,

காலையில் நனைத்த எள்ளின் வாசனை இன்னும் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். இன்று ஆடி அமாவாசை. வருடா வருடம் நீங்கள் முன்னால் நடக்க, குடையோடு நான் பின்னால் வருவேனே, பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகளைத் தாண்டி கிள்ளான் ஆறு வளைகிற அந்தக் கரைக்கு, இந்த முறை தனியாகப் போனேன்.

ஐயர் ஒவ்வொரு பெயராகக் கேட்டார். அப்பாவுக்கு ஊற்றினேன். உங்களுக்கு ஊற்றினேன். உங்கள் அப்பாவுக்கும் ஊற்றினேன். இன்னும் யாராவது உண்டா என்றார். உண்டு என்றேன். எள்ளும் தண்ணீரும் கையில் இருக்க, வாயைத் திறந்தபடி நின்றேன். பெயர் வரவில்லை. பின்னால் காத்திருந்தவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். பெயர் தெரியாதவர்களுக்கென்று பொதுவாக ஊற்றிவிடலாம், அதற்கும் மந்திரம் இருக்கிறது என்று ஐயர் இரக்கத்தோடுதான் சொன்னார்.

என்னால் முடியவில்லை. சில வருடங்களுக்கு முன்னால், சொந்தக்காரன் இல்லாதவனுக்கு எதற்குத் தனியாக, பொதுவில் சேர்த்துவிடுங்கள் என்று இதே ஐயர் உங்களிடமும் சொன்னார். நீங்கள் சொன்ன பதிலைக் குடையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன்.

"பொதுவா செத்தவன் இல்லீங்க சாமி அவன். பேரோட செத்தவன்."

அந்தப் பதில் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. அதே வாயால் அடுத்த நிமிடம் நீங்கள் சொன்ன பெயர் மட்டும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில் நான் ஆற்றில் மிதந்து போகிற மூங்கிலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

உங்களைப் பற்றி வேறு எது மறந்தது எனக்கு? சென்னைப் பட்டாளத்துச் சிப்பாயாகப் பர்மாவுக்குப் போனீர்கள். பீரங்கிச் சத்தத்தில் இடது காதைத் தொலைத்தீர்கள். பட்டாளத்தை விட்டதும் கப்பலேறி இங்கே வந்து, ரயில்வே கேட்டில் இருபது வருடம் கொடி பிடித்தீர்கள். வெறும் சரக்கு வண்டி போனால்கூட விறைத்து நின்று வழியனுப்புவீர்கள். அப்பா மலேரியாவில் போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்தீர்கள். எழுபத்தைந்து வயதிலும் சட்டைப் பித்தானை என் மனைவியிடம் கொடுக்காமல் நீங்களே தைத்துக்கொள்வீர்கள். எவ்வளவு தாகமாக இருந்தாலும் டம்ளர் தண்ணீரில் பாதியைத் தரையில் ஊற்றிவிட்டு மீதியைத்தான் குடிப்பீர்கள். வீடெல்லாம் ஈரமாகிறது என்று அவள் முணுமுணுப்பாள். பட்டாளத்துக் கிறுக்கு, விடு என்று நானும் சிரிப்பேன். உங்கள் காதில் விழாது என்கிற தைரியம்.

அது என்ன கிறுக்கு என்று போன கார்த்திகையில்தான் சொன்னீர்கள். படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தீர்கள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதுகிற கிராணிக்கு ஐந்து நிமிடம் தாமதமானாலும் துரையிடம் திட்டு விழும். நீங்கள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டீர்கள். பர்மாக் காட்டில் வயிற்றில் குண்டு பாய்ந்து கிடந்த சிநேகிதரைப் பற்றிச் சொன்னீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே கூடாரம், ஒரே தட்டு. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. அவரை அங்கேயே விட்டுவிட்டுப் படை நகர வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது.

"தண்ணி கேட்டான்யா. எங்கிட்ட இருந்துச்சு. இன்னும் மூணு நாள் நடக்கணுமேன்னு குடுக்கல. எனக்கப்புறம் அவனுக்கு நீதான் ஊத்தணும்."

வருடத்தில் ஒரு நாள், கையில் எள் இருக்கும்போது மட்டும்தான் அவர் பெயரைச் சொல்வீர்கள். மற்ற நாளில் வாயில் எடுக்கமாட்டீர்கள். அன்று எள் இல்லாமலே, என் தலையை இழுத்துக் காதில் சொன்னீர்கள். அந்தக் காதில்தான் பென்சில் செருகியிருந்தேன். யார் யாருக்கோ வருகிற மூட்டைகளுக்கெல்லாம் பெயர் எழுதுகிற பென்சில். அதை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பட்டறைச் சங்கு ஊதிவிட்டது. ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். சாயங்காலம் வந்தபோது உங்களுக்குப் பேச்சு நின்றிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

பெயர் என்னிடம் இல்லை என்பது போன வாரம் எள் வாங்கும்போதுதான் தெரிந்தது. கடைக்காரர் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே இருக்கிறார், நான் அப்படியே நிற்கிறேன். வீட்டுக்கு வந்து உங்கள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பட்டாளத்துப் பத்திரத்தில் உங்கள் பெயர் மட்டும்தான் இருந்தது. உங்களோடு அதே படையிலிருந்த பெரியவர் கிள்ளானில் இருக்கிறாரே என்று ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன். வைகாசியிலேயே அவர் போய்விட்டாராம். அவருடைய மகள் வாசலில் நின்று சொன்னார்.

"கடைசி நாள்ல பட்டாளத்து ஆளுங்க பேரெல்லாம் வரிசையா சொல்லிக்கிட்டே கெடந்தாருங்கண்ணே. நாங்க யாரும் காதுல வாங்கல."

அவர் கொடுத்த காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை. திரும்பும் வண்டியில் ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

இன்று கரையில் எள்ளைக் கீழே விடாமல் துண்டில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பெயர்களாக எழுதிப் பார்த்தேன். முனுசாமி, வீராசாமி, நாராயணன், சின்னத்தம்பி. இரண்டு தாள் நிரம்பிவிட்டது. இதில் ஒன்று அவராகவே இருக்கலாம். படிக்கும்போது எந்தப் பெயருமே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, தாத்தா. இந்த உலகத்தில் அந்த மனிதர் இருந்தார் என்பதற்கு உங்கள் வாய் ஒன்றுதான் மிச்சமாக இருந்தது. அதை நீங்கள் என்னிடம் கொடுத்தீர்கள். உங்களுக்காவது மூன்று நாள் நடக்க வேண்டுமே என்ற பயம் இருந்தது. எனக்கு ஐந்து நிமிடத் திட்டு.

தாகம் எடுத்தால் இப்போது நானும் பாதியைத் தரையில் ஊற்றிவிட்டுத்தான் குடிக்கிறேன். மனைவி முணுமுணுப்பதில்லை. துணியைக் கொண்டுவந்து துடைக்கிறாள். ஊற்றுவது யாருக்கென்று சொல்லத் தெரியாமல் ஊற்றுகிறேன்.

அங்கே அவரைப் பார்த்திருப்பீர்கள். கனவிலாவது வந்து இன்னொரு தடவை சொல்லுங்கள் தாத்தா. பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கையிலேயே வைத்திருக்கிறேன்.