வீரையாவின் பெயர்

அம்மாவுக்குக் குமரவேல் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? சிலிபினில் மூன்று பேர் தங்கும் அறையில் இப்போது நான் மட்டும்தான். காற்றுக்குக் குறைவில்லை.

எங்கள் உரக் கம்பெனிக்கு இந்தப் பேராக் மாநிலத்தில் ஏழு கிளைகள். கணினியில் யார் எதைப் பார்க்கலாம், யார் ஒப்புதல் தரலாம் என்று பிரித்துக் கொடுப்பது என் வேலை. போன வாரம் ஆயர் தாவார் கிளையில் எல்லா ஒப்புதலும் வீரையா என்பவர் பெயரில் இருந்தது. அவரைக் கூப்பிடச் சொன்னேன். இறந்து இரண்டு வருடமாம்! அவருடைய பாஸ்வேர்டில்தான் கிளையே ஓடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாருக்கும் தனித்தனியாக ஒப்புதல் உரிமை கொடுத்துவிட்டு அவர் பெயரை நீக்கப் போனேன். அங்கே வேலை செய்யும் சரளா அக்கா தடுத்தார். "வீரையா அண்ணன் பேர மட்டும் எடுத்துறாதீங்க லா. காலையில தொறந்தா அதான் மொதல்ல வரும், பழகிப்போச்சு."

உரிமைகளை எடுத்துவிட்டேன். பெயரை விட்டுவிட்டேன்.

வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். நான் வந்து கைரேகை வைக்காததால் ரேஷன் அட்டையிலிருந்து என் பெயரைக் கடைக்காரர்கள் எடுக்கப் போவதாகச் சொன்னீர்களே. என் பங்கு அரிசியை அவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும். உங்கள் பெயருக்குக் கீழே என் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று கேட்டுப் பாருங்களேன்.

குமரவேல்