நீ படிவத்தைப் பற்றித்தான் கேட்டாய்

நோட்டன் பிரிட்ஜ்
12.06.2024

திரு. த. யோகேஸ்வரன் அவர்களுக்கு,

நான் அம்மா வீட்டிலேயே இருக்கிறேன். இதைக் கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபம் திங்கட்கிழமையோடு முடிந்துவிட்டது. இப்போது இருப்பது அதற்கு அடுத்தது.

அண்ணன் பத்து வருஷம் காத்திருந்து, லயத்து ஒற்றையறைக் காம்பராவை விட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு இந்தப் புது வீட்டுக்கு வந்திருக்கிறார். பால் காய்ச்சிய அன்றைக்கு, தோட்டத்துச் சனமே வாசலில் நிற்கும்போது, ‘வீடு எப்பிடி மச்சான்?’ என்று உங்களிடம் ஆசையாகக் கேட்டார். ‘நல்லாயிருக்கு’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்து, அதில் நம் வீட்டுச் சாவியைக் கட்டி, சுவரோரம் தொங்கவிட்டு, ‘ரெண்டு அங்குலம் சரிஞ்சிருக்கு’ என்றீர்கள். அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். ஸ்பீக்கரில் பாட்டும் வெளியே தப்பு மேளமும் ஒன்றாகத் தொடங்கியதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டீர்களே, ஒரு மணி நாற்பது நிமிஷம்! அறுபது பேர் வந்த வீட்டில் ஒரே பாத்ரூம். தோட்டத் தலைவர் சின்னத்தம்பி ஐயா சர்க்கரை வியாதிக்காரர். பொறுத்துப் பார்த்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினார். காலில் மூன்று அட்டையோடு திரும்பி வந்தார்.

நான் கதவைத் தட்டித் தட்டி அழுதேன். உள்ளேயிருந்து ஒரு வார்த்தை இல்லை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் இப்படி நான் நின்றதில்லை.

போன் பண்ண வேண்டாம். போனில் நீங்கள் ‘ம்’ என்பதைத் தவிர எதுவும் சொன்னதில்லை. வரவும் வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

சுலக்ஷனா

*

ஹட்டன்
15.06.2024

அன்புள்ள சுலக்ஷனாவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நான்கு முறை வாசித்தேன். ஒரு திருத்தம் மட்டும்: ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம்.

அந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு அது ஒன்றுதான். இரண்டு சத்தமும் சேர்ந்தபோது பல்லுக்குள் யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது. நீ தட்டியது கேட்டது. அழுததும் கேட்டது. பதில் வாய்வரை வந்து நின்றுவிட்டது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இப்படி நடக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

சின்னத்தம்பி ஐயாவுக்குத் தனியே மன்னிப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அட்டைக் கடிக்கு உப்பைவிட எலுமிச்சம்பழம் நல்லது என்றும் எழுதினேன்.

நீ சொன்னபடி போன் பண்ணவில்லை. வரவும் மாட்டேன்.

தினமும் சோறும் பருப்பும் சமைக்கிறேன். அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை குவிந்திருக்கிறது. வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் கணவர்
த. யோகேஸ்வரன்

*

நோட்டன் பிரிட்ஜ்
04.07.2024

யோகேஸ்வரன் அவர்களுக்கு,

வர வேண்டாம் என்று எழுதினால் வராமலே இருந்துவிடுவதா? உலகத்தில் எந்தப் பெண்ணாவது ‘வாங்க’ என்று எழுதிக் கூப்பிடுவாளா?

மூன்று ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஹட்டன் பஸ்ஸிலிருந்து இறங்கிய எல்லா முகத்தையும் பார்த்தேன். வெறுங்கையோடு திரும்ப முடியாதே, அதனால் மூன்று முறையும் மீன் வாங்கினேன். ‘ஏன்டி, இந்த வீட்டுல பூனையா வளக்குறோம்?’ என்று அம்மா கேட்கிறார்.

வீடு அமைதியாக இருக்கிறதாம்! நல்லது. இங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியைக்கு வெற்றிடம் இருக்கிறது. இப்போது நான் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வருகிறேன். இடமாற்றம் கிடைத்தால் இங்கேயே இருந்துவிடலாம். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முடிவுத் திகதி ஆகஸ்ட் 15. என்ன சொல்கிறீர்கள், நிரப்பிவிடலாம்தானே?

சுலக்ஷனா

*

ஹட்டன்
09.07.2024

அன்புள்ள சுலக்ஷனாவுக்கு,

படிவத்தை நிரப்பிவிட்டேன். நீ கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். ‘கணவரின் பெயர்’ என்பது ‘கவணரின் பெயர்’ என்று அச்சாகியிருந்தது. திருத்திவிட்டேன். திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது.

இன்னொரு செய்தி. சிங்களத்திலிருந்து தமிழாக்கச் சொல்லி ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்கு எழுதியது. சத்தம் தாங்காமல் ஒளிந்துகொள்வார்கள், சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், ஒரே சாப்பாட்டை விரும்புவார்கள், சில சமயம் பேச்சு நின்றுவிடும். ஆறாவது வரியில் பேனாவை வைத்துவிட்டேன். யாரோ என் அறை ஜன்னலில் நின்று பார்த்து எழுதியது போல இருந்தது.

ஆனால் அதில் பிழைகளும் உண்டு. ‘இவர்கள் தனி உலகில் வாழ்பவர்கள்’ என்று இருக்கிறது. நான் ஹட்டனில் வாழ்கிறேன். பழைய தமிழாக்கம் ஒன்றில் இதற்கு ‘மன இறுக்கம்’ என்று பெயர் போட்டிருக்கிறார்கள். என் மனம் இறுக்கமாக இல்லை. சட்டைக் கொலர்தான் இறுக்கம். ‘உணர்ச்சி இல்லாதவர்கள்’ என்றும் ஒரு வரி. அதை நான் மொழிபெயர்க்கவே போவதில்லை.

நாளை பிள்ளைகள் கிளினிக்குக்குப் போய் இந்தப் பிழைகளைச் சொல்லப் போகிறேன்.

உன் கணவர்
த. யோகேஸ்வரன்

*

நோட்டன் பிரிட்ஜ்
13.07.2024

உங்களுக்கு,

படிவம் வந்தது. என்ன அழகான கையெழுத்து! அந்த அச்சுப்பிழையைத் தவிர ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. முத்திரைகூட நேராக ஒட்டியிருக்கிறீர்கள். ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக்கூடத் தோன்றவில்லையா? என்னை அனுப்பிவைக்க இவ்வளவு அவசரமா?

துண்டுப்பிரசுரம் பற்றி எழுதியதை இன்னும் சரியாக வாசிக்கவில்லை. வாசிக்க முடியவில்லை.

சு.

*

ஹட்டன்
17.07.2024

அன்புள்ள சுலக்ஷனாவுக்கு,

இல்லை. நீ அங்கேயே இருந்துவிடுவதை நான் விரும்பவில்லை. ஒருபோதும் விரும்பவில்லை. நான் என்ன விரும்புகிறேன் என்று நீ கேட்கவில்லை. நீ படிவத்தைப் பற்றித்தான் கேட்டாய். தினமும் இரண்டு பஸ் மாறுகிறாய் என்று எழுதியிருந்தாய். உனக்கு உதவியாக இருக்கும் என்று நிரப்பினேன். புது முகவரி கேட்கும் ஏழாவது பத்தியைப் பார். மை பரவியிருக்கும். அந்த இடத்தில் பேனாவை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தேன்.

அமைதி பற்றியும் எழுத வேண்டும். எனக்கு அமைதி பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். நீ பக்கத்து அறையில் பாடத்திட்டம் எழுதிக்கொண்டு முணுமுணுக்கும்போது இருக்கும் அமைதியைத்தான் அப்படி நினைத்திருக்கிறேன். இது வேறு வகை. ‘மிகவும் அமைதி’ என்று நான் எழுதியது சந்தோஷத்தில் இல்லை, அது ஒரு முறைப்பாடு.

கிளினிக்குக்குப் போனேன். பதினேழாம் இலக்கம் தந்தார்கள். முயல் படம் போட்ட சின்ன நாற்காலிதான் காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தேன். ‘ளமயா கோ?’ என்று தாதி மிஸ்ஸி கேட்டார், பிள்ளை எங்கே என்று. ‘பிள்ளை இல்லை, பிழைதான் இருக்கிறது’ என்று சிங்களத்தில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. டொக்டர் பதினாலு பிழைகளையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ‘இந்தக் குறிப்பெல்லாம் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?’ என்றார். ‘எனக்கு அப்படித்தான்’ என்றேன். அவர் கண்டியில் பெரியவர்களைப் பார்க்கும் ஒரு டொக்டருக்குக் கடிதம் எழுதித் தந்தார். சனிக்கிழமை போகிறேன்.

உன் கணவர்
யோகேஸ்வரன்

*

நோட்டன் பிரிட்ஜ்
22.07.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஏழாவது பத்தியைப் பார்த்தேன். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். அம்மா, ‘என்னடி, பாஸாகிட்டியா?’ என்று கேட்டார்.

கண்டிக்குப் போய் வந்திருப்பீர்கள். அவர்கள் என்ன சொன்னாலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இனி நான் எதைக் கேட்டாலும் ஒரு காகிதத்தை நீட்டுவீர்களா? நான் கதவுக்கு வெளியே நின்று அழுவதும், நீங்கள் உள்ளே இருப்பதும்தான் இனிச் சட்டமா? எனக்கும் பொறுக்கிற அளவு ஒன்று உண்டு, அத்தான்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இங்கே ஆறு வாரமாக இருந்து எனக்குத் தலை சுற்றுகிறது. இந்த வீட்டில் ஒருத்தரும் நினைப்பதைச் சொல்வதில்லை. முந்தாநாள் அம்மா, ‘எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்க சாப்புடுங்க’ என்றார். உங்கள் ஞாபகம் வந்து, ‘சரிம்மா’ என்று சாப்பிட்டுவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. அண்ணன் போட்ட தேத்தண்ணியில் சீனி கூடிப்போச்சு என்றேன். இனி இந்த வீட்டில் தேத்தண்ணியே போடுவதில்லை என்று அவர் சபதம் எடுத்திருக்கிறார். நம் வீட்டில் நீங்கள் ‘உப்பு கூடிப்போச்சு’ என்றால் உப்பு கூடிப்போச்சு, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் எதுவும் ஒளிந்திருக்காது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கு இதுவரை தெரியாமல் இருந்தது.

போன வார மழையில், நீங்கள் சாவியைத் தொங்கவிட்ட அதே மூலையில் தண்ணீர் இறங்குகிறது. அண்ணன் வாளி வைத்திருக்கிறார். யாரும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் நினைக்கிறார்கள்.

படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை.

சுலக்ஷனா

*

ஹட்டன்
26.07.2024

அன்புள்ள சுலக்ஷனாவுக்கு,

கண்டியில் மூன்று மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். ஓட்டிசம்தான் என்று டொக்டர் அம்மா சொன்னார். நோய் இல்லையாம், மூளை வேலை செய்யும் விதமாம். மருந்தும் இல்லையாம். ‘அப்ப எனக்கு என்ன தருவீங்க?’ என்று கேட்டேன். ‘ஒரு விளக்கம்’ என்றார். போதும் என்று தோன்றியது.

எட்டாம் வகுப்பில், முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்று பிரம்படி வாங்கினேன். திமிர் பிடித்தவன் என்றார்கள். நானும் அதை நம்பியிருந்தேன். பஸ் கினிகத்தேனைக்கு வரும்வரை அந்தப் பையனைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். அவன் திமிர் பிடித்தவன் இல்லை. அவனிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

உன் பயத்துக்குப் பதில். நான் ஏன் கதவைப் பூட்டினேன் என்று அந்தக் காகிதத்தில் இருக்கிறது. நீ வெளியே நின்று அழுதது அதில் இல்லை. அதற்கு நான்தான் ஏதாவது செய்ய வேண்டும். முடிந்தவரை பூட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். பேச்சு நின்றுவிட்டால் உள்ளேயிருந்து இரண்டு முறை தட்டுகிறேன். ‘நன்றாக இருக்கிறேன், வார்த்தைதான் வரவில்லை’ என்று அர்த்தம். வேறு என்ன வேண்டும் என்று நீ எழுது. நேராக எழுது. குறிப்பாக எழுதினால் நான் படிவம் நிரப்பிவிடுவேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வர விரும்புகிறேன். வரலாம் என்றால் ‘வரலாம்’ என்று எழுது.

உன் கணவர்
யோகேஸ்வரன்

*

நோட்டன் பிரிட்ஜ்
30.07.2024

வரலாம்.

சு.

*

நோட்டன் பிரிட்ஜ்
06.08.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் இரண்டு நாளாக உங்களைப் பற்றித்தான் பேச்சு.

அண்ணன் முன்னால் நின்று, எழுதி வைத்து வாசிப்பது போல, ‘மச்சான், பாத்ரூம பூட்டுனதுக்கு மன்னிச்சுக்கங்க. செவுரப் பத்திச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கல, அது சரிஞ்சுதான் இருக்கு. ஆனா அன்னிக்குச் சொல்லியிருக்கக் கூடாது. வீடு கெடச்சதுல எனக்கு ரொம்பச் சந்தோசம், அதையும் நான் சொல்லல’ என்றீர்கள். அண்ணனுக்குக் கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில், ‘வாளியில காலை விட்டுறாதீங்க மச்சான்’ என்றார். அவர் அப்படித்தான் மன்னிப்பார்.

சாப்பிடும்போது அண்ணன் பிள்ளைகள் டீவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். நீங்கள் எழுந்தீர்கள். நான் பாத்ரூம் கதவைப் பார்த்தேன். ‘எனக்குச் சத்தம் கூடுது. இருவது நிமிசம் வெளிய நின்னுட்டு வாறேன்’ என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனீர்கள். மழையில் குடை பிடித்து நின்றதை அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபதாவது நிமிஷம் நீங்கள் வந்து உட்கார்ந்ததும், ‘எனக்கும் இந்த டீவி சத்தம் ஆகவே ஆகாது, இவ்வளவு நாளா யாருகிட்ட சொல்ல?’ என்றார். டீவி இப்போது மெதுவாகத்தான் ஓடுகிறது.

படிவத்தை நேற்றுக் கிழித்தேன். அவ்வளவு அழகான கையெழுத்தைக் கிழிக்க மனசு கேட்கவில்லை, ஆனாலும் கிழித்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஹட்டனுக்கு வருகிறேன். பெட்டி கனமாக இருக்கும். பஸ் நிலையத்துக்கு நாலரைக்கு வந்து நில்லுங்கள். எனக்கு வேண்டியது என்ன என்று கேட்டிருந்தீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது பருப்பு இல்லாத சாப்பாடு. மற்றதை நேரில் சொல்கிறேன், நேராகவே சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பஸ் ஏற்ற வந்தபோது எனக்கு அழுகை வந்து மூக்கு ஒழுகியது. ‘அழுறியா, தடிமனா?’ என்று கேட்டீர்கள். அழுகிறேன் என்றேன். ‘நான் என்ன செய்யணும்?’ என்றீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தீர்கள். ஒரு பஸ் போனது. இன்னொரு பஸ்ஸும் போனது. மூன்றாவது பஸ் வந்து நின்றபோது, ‘அழுகை முடிஞ்சிருச்சா?’ என்று கேட்டீர்கள். அது முதல் பஸ்ஸுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்றேன். ‘அப்ப ஏன் சொல்லல?’ என்று கேட்டீர்கள். கண்டக்டர் அவசரப்படுத்தியதில் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பீர்கள், அதனால்தான்.

உங்கள்
சுலக்ஷனா