மூன்று மணிக்குப் போன பெக்ஸ்

போன கிழமை ஆஸ்பத்திரிக் கந்தோரில் ஒரு ரிப்போட்டுக்காகக் காத்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் பெக்ஸ் மெஷின் ஒன்று கீச்சிட்டது. முதலில் நீண்ட விசில், பிறகு மறுமுனையின் இரைச்சல். பக்கத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன்.

உங்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். "ரெண்டு மெஷினும் கதைச்சு ஒத்துக்கொள்ளுது மிஸ். மனுசரை விடக் கெதியா" என்பீர்கள்.

கண்டியில் எங்கள் தேயிலை ஏற்றுமதிக் கம்பெனிக்கு பெக்ஸ் சேர்வர் பொருத்த வந்தவர் நீங்கள். பருத்தித்துறைக்காரர், கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்திருந்தீர்கள். நான் பன்வில தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, டைப்பிங் படித்து, அங்கே கிளார்க்காகச் சேர்ந்தவள். அதுவரை கடிதமும் கையுமாக ஒரே மெஷின் முன்னால் வரிசையில் நிற்போம். நீங்கள் ஒரு கொம்பியூட்டரில் மொடத்தைப் பூட்டி, எல்லா மேசைக்கும் வயர் இழுத்தீர்கள். அவரவர் இடத்திலிருந்தே அனுப்ப முடிந்தது. பழைய மெஷின் ஸ்டோருக்குப் போனது.

கடிதம் போகாமல் நின்றால் எங்கே பார்ப்பது என்று யாருக்காவது காட்டிக்கொடுக்கச் சொன்னார் மானேஜர். ஆண்கள் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். நீங்களோ, "மிஸ்தான் அவசரப்படாமல் ஆறுதலாப் பார்க்கிறா. அவவுக்கே காட்டுறன்" என்றீர்கள். அதற்குமுன் என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த மாதம் நகரில் குண்டு வெடித்திருந்தது. தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையை வெளியே எடுக்கவே பயந்த நாட்கள். ஹுன்னஸ்கிரியத் தோட்டக் கந்தோரிலும் சேர்வர் பொருத்த உங்களை அனுப்பினார்கள். திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டீர்கள். உங்கள் பை நிறைய வயரும் மொடமும். அது என்னவென்று அவர்களுக்கு யார் விளங்கப்படுத்துவது?

மறுநாள் காலை பொலிஸிலிருந்து போன் வந்தது. உங்களைப் பேச விட்டார்கள்.

"மிஸ், உங்கட கம்பெனி வேலைக்குத்தான் போனனான் எண்டு ஒரு கடிதம் பெக்ஸ் பண்ணச் சொல்லுறார் இஞ்ச இருக்கிற பொலிஸ்காரர். பின்னேரத்துக்குள்ள வந்தால் விட்டிடுவினமாம்."

"இப்பவே அனுப்புறேன் அண்ணா. பயப்படாதீங்க."

"ஓம். நான் இஞ்சதான் இருக்கிறன்."

உங்கள் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

கடிதத்தை அடித்தேன். மானேஜர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பதினொரு மணிக்கு என் மேசையிலிருந்தே அனுப்பினேன். 'வரிசையில் உள்ளது' என்று திரை காட்டியது. போய்விடும் என்று நம்பி மற்றக் கடிதங்களைப் பார்த்தேன். வந்ததா என்று கேட்கப் பொலிஸுக்கு இரண்டு முறை எடுத்தேன். லைன் கிடைக்கவில்லை.

இரண்டரைக்குத் திரும்பப் பார்த்தபோதும் கடிதம் வரிசையில்தான் இருந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அன்று காலை கந்தோரின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சை மாற்றியிருந்தார்கள். வெளி லைன் எடுக்க ஒன்பதுக்குப் பதில் பூச்சியம் அழுத்த வேண்டும். சேர்வருக்கு அது தெரியாது. அது ஒன்பதையே அழுத்தி அழுத்தித் தோற்றுக்கொண்டிருந்தது. நீங்கள் காட்டித்தந்த இடத்தில் போய் மாற்றினேன். பத்து நிமிட வேலை. மூன்று மணிக்குப் பெக்ஸ் போனது.

உடனே போன் எடுத்தேன். இம்முறை லைன் கிடைத்தது. அந்தப் பொலிஸ்காரர் சிங்களத்தில் மெதுவாகத்தான் பேசினார். "கடிதம் இப்பதான் வந்தது மிஸ். கொழும்பிலிருந்து வாகனம் முந்தியே வந்துவிட்டது. இரண்டு மணிக்கு ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள்."

மானேஜர் இரண்டு தரம் கொழும்புக்குப் போனார். போன இடமெல்லாம் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள்.

அடுத்த வருடம் உங்கள் அம்மா, வடக்கை விட்டு வெளியே வர இராணுவம் கொடுக்கும் பாஸை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்தார். கந்தோரில் நீங்கள் இருந்து வேலை செய்த கதிரையைக் காட்டினேன். அதில் இருக்க மாட்டேன் என்று நின்றுகொண்டே பார்த்தார். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்தார். "நீயாவது கடிதம் அனுப்பினாய் பிள்ளை. உன்னை மறக்கமாட்டன்" என்றார்.

எத்தனை மணிக்குப் போனது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வருடா வருடம் பொங்கலுக்கு எனக்குக் கடிதம் போடுவார். சண்டை முடிந்து, முகாம்களின் பட்டியல்களிலும் உங்கள் பெயர் இல்லாமல் போன பிறகு ஒருநாள் அதுவும் நின்றது.

கடிதம் காலையிலேயே போயிருந்தால் உங்களை விட்டிருப்பார்களா, தெரியாது. ஆனால் உங்கள் அம்மா கடைசிவரை எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கிக்கொண்டே இருந்தேன்.