உன் துண்டைக் காட்டி நான் வாங்கிய மாத்திரை

என்னைப் பெற்றவளே, என் அம்மா,

நீ போய் நாலு வருடமாகிறது. இங்கே மழை பிடித்துக்கொண்டதால் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு இல்லை. சும்மா உட்கார்ந்தால் பயம்தான் வருகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

உன் மூச்சிழுப்புக்கு டாக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டை நான் தூக்கிப் போடவில்லை. எனக்கும் இழுப்பு வந்தபோது அதையே பெல்மதுளை பாமசியில் நீட்டி, அதே சின்ன வெள்ளை மாத்திரையை வருடக்கணக்காக வாங்கிக் குடித்தேன். நம் தோட்டத்து லயத்து வீடுகளில் யார் துண்டில் யார் மருந்து வாங்கவில்லை? மூச்சு லேசாகி, கன்னமும் உப்பியது. தேறிவிட்டாய் என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

போன வாரம் பாமசியில் பரீனா மிஸ் இருந்தார். புதிதாக வந்த மருந்தாளர். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்தப் பெயர்க்காரர் எங்கே என்றார். தண்ணீர்ப் பீலியில் குடத்தைத் தூக்கித் திரும்பியபோது உன் இடுப்பெலும்பு முறிந்ததையும், அதற்குப் பிறகு நீ எழுந்திருக்காமலே போனதையும் சொன்னேன். மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது.

முதுகு வலிக்கிறதா, மாதவிலக்கு எப்போது நின்றது, உயரம் குறைந்ததா என்று கேட்டார். கல்யாணத்தின்போது உன் மருமகனின் காதுவரை இருந்தேன். இப்போது தோளைத் தாண்டவில்லை.

"இத வருஷக்கணக்கா குடிச்சா எலும்பு உளுத்துப் போகுங்க. சட்டுன்னு நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. நான் எழுதித் தாரேன், உடனே ரத்தினபுரி ஆஸ்பத்திரியில காட்டுங்க."

அம்மா, உன் எலும்பும் இப்படித்தான் உளுத்ததா? வாதம் என்று சொல்லி எண்ணெய் போட்டு உருவினேனே. உனக்கு அந்த மாத்திரையைத் தவறாமல் வாங்கி வந்தவளும் நான்தானே?

இப்போது தும்மவே பயமாக இருக்கிறது. ஈரப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். எலும்பு எவ்வளவு உளுத்திருக்கிறது என்று பார்க்கும் மெஷின் கொழும்பில்தானாம். சண்டையால் வழியெல்லாம் ஆமி செக்கிங் நடக்கிற இந்தக் காலத்தில், நம் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் ஏறுவது இன்னொரு பயம்.

இதையெல்லாம் விட ஒன்று இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கிளம்பும்போது மிஸ் கேட்டார்.

"வீட்டுல வேற யாரும் இதக் குடிக்கிறாங்களா?"

இல்லை என்றேன். பொய் சொன்னேன், அம்மா. உன் பேத்திக்கும் இழுப்பு இருக்கிறது. ரெண்டு வருடமாக என் மாத்திரையில் பாதியை உடைத்து அவளுக்குக் கொடுக்கிறேன். வகுப்பிலேயே அவள்தான் குட்டை. நம் வம்சம் அப்படி என்று நினைத்திருந்தேன்; அதுவும் இந்த மாத்திரையால்தானோ? திட்டுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் சொன்னது பொய் என்று மிஸ்ஸிடம் அவளுக்கு முன்னாலேயே சொல்லுவேன். ரத்தினபுரியில் அவளை முதலில் காட்டிவிட்டுத்தான் என்னைக் காட்டுவேன். கொழும்புக்குப் போகச் சொன்னாலும் போவேன். இது உன்மேல் சத்தியம்.

உனக்கு மகளாகவும்
உன் பேத்திக்குத் தாயாகவும்
நடுங்கிக்கொண்டிருக்கும்,
உன் மூத்தவள்