சீட்டு வேண்டாம் என்று ஒரு சீட்டு

என்ற பாவாயி அக்காவுக்கு,

உன்ற கையால சோறுண்டு வளந்த தம்பி மாரப்பன் எழுதறேன். நீ போயி எட்டு மாசமாச்சு. உசுரோட இருந்தப்ப உனக்கு நான் ஒரு கடுதாசி எழுதினதில்ல. பக்கத்து ஊட்டுலயே வந்து குடியேறினவளுக்கு என்னத்த எழுதறது? "அஞ்சாவது வரைக்கும் படிக்க வெச்சேன், எனக்குன்னு ஒரு வரி எழுதினானா பாரு"ன்னு நீ போறவங்க வாரவங்ககிட்ட எல்லாம் சொல்லுவே. இந்தா, இப்ப எழுதறேன். நம்ம சனம் நாலு பேரு படிக்கட்டும்னு சங்கத்துப் பத்திரிகைக்கும் குடுக்கப் போறேன். கோவிச்சுக்காதே.

மொதல்ல சேதி. ரேகைச் சட்டத்த எடுத்துட்டாங்க அக்கா! நெசமாத்தான். நீ போயி மூணாம் மாசம். பரமத்தி வேலூர் டீக்கடையில பேப்பர்ல பாத்தேன். மூணு தடவ படிச்சேன். நாலாவது தடவ சத்தமாப் படிச்சேன். கடைக்காரரு, "ஏனுங்க, அழுவறீங்களா?"ன்னாரு. "இல்லீங்க, அடுப்புப் புகை"ன்னேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன். எங்க சனத்துல பொறந்தவங்க வயசுக்கு வந்ததும் பத்து வெரல் ரேகையும் பதிஞ்சு குடுக்கோணும். எங்க பக்கத்துல பொண்ணுகளையும் விடல. பொழுது எறங்கினா மணியக்காரர் வாசல்ல போயி நின்னு, "ஊருலதான் இருக்கேனுங்க"ன்னு ஆசர் சொல்லோணும். ஊரு எல்லையத் தாண்டறதுன்னா எந்த ஊருக்கு, எந்த வழியில, எத்தன நாளுக்குன்னு சொல்லி ராதாரிச் சீட்டு வாங்கோணும். சீட்டில்லாம புடிபட்டா செயிலு. திருடினவனுக்கு இல்லீங்க இது. எங்க தாய் வகுத்துல பொறந்தவனுக்கு. நாங்க வெத்தலக் கூடை மொடையற சனம். கூடைய விக்கறதுக்கே ஊரு ஊராப் போயாகோணும்.

உனக்கு ஞாபகம் இருக்கா, மணியக்காரரை நீ கேக்கற கேள்வி? "ஏனுங்க சாமி, என்ற ஆடு நேத்து எல்லை தாண்டிருச்சுங்க, அதுக்கும் சீட்டு வாங்கோணுங்களா?" "ஏனுங்க, எனக்கு வந்த காச்சல் பரமத்தியில இருந்து வந்ததுங்க, அது ஆசர் சொல்லிருச்சுங்களா?" மூஞ்சியில ஒரு சிரிப்பில்லாம கேப்பே. அவரு மொறைப்பாரு. நான் பின்னாடி நின்னு வாயப் பொத்திக்குவேன். பயமே இல்லாத பொம்பளன்னு ஊரு சொல்லுச்சு. பயம் உனக்கும் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். வாசலத் தாண்டி வந்ததும் என்ற தோளப் புடிச்சீன்னா, ஊடு வந்து சேர வரைக்கும் உட மாட்டே.

உன்ற மொதப் புள்ளையப் பத்தி நாம பேசினதே இல்ல. ஏழாம் மாசம் உனக்குக் கட்டுச்சோறு கட்டி, பிரசவத்துக்கு நம்மூட்டுக்குக் கூட்டியார அம்மா சீட்டு கேட்டா. "நாளைக்கு வா"ன்னாங்க. மறுநாளும் "நாளைக்கு வா"தான். ரெண்டு மாசம் நாளைக்கே வரல. உன்ற மாமியார் ஊட்டுல ஆள் தொணை இல்லாத ஒரு பகல்ல உனக்கு வலி எடுத்து, புள்ள செத்துப் பொறந்துச்சு. நம்மூட்டுல அன்னைக்குத்தான் சீட்டு வருதுன்னு நம்பி அம்மா புளிச்சோறு கிண்டி வெச்சிருந்தா. எனக்கு ஆறு வயசு. சேதி வந்து அம்மா மண்ணுல விழுந்து பொரள்றா, நான் ஒரு ஓரமா குந்தி அந்தச் சோத்தத் தின்னுட்டிருந்தேன். ருசியா இருந்துச்சு அக்கா. இத்தன வருசம் கழிச்சு உன்கிட்ட ஒத்துக்கறேன்.

அதனாலதான் பொன்னாயி முழுகாம இருக்கான்னு பள்ளிபாளையத்துல இருந்து சேதி வந்தப்ப, பாயில கெடந்த நீ என்ற கையப் புடிச்சு, "என்ற பொண்ணு தலைப்பிரசவம் இந்த ஊட்டுலதான் சாமி. இப்பவே சீட்டுக்கு எழுதிப் போடு, அப்பத்தான் ஏழாம் மாசத்துக்குக் கெடைக்கும்"ன்னே. "நான் கூட்டியாரேன் அக்கா"ன்னேன். அதுக்கு மூணாம் நாளு நீ போயிட்டே. அந்தச் சொல்லு மட்டும் என்ற நெஞ்சுல கல்லாட்டம் உக்காந்துருச்சு.

சீட்டே வேண்டாம்னு ஆகும்னு யாரு கண்டா? ஏழாம் மாசம் உன்ற ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சேன். என்ற ஊட்டுக்காரி செல்லம்மா விடியறதுக்குள்ள அஞ்சு வகைச் சோறு ஆக்கிட்டா. நாங்க ரெண்டு பேரும் தூக்குப் போசிகளத் தூக்கிக்கிட்டு பஸ்ஸேறி, திருச்செங்கோட்டுல மாறி, பள்ளிபாளையத்துல ராசா ராணியாட்டம் எறங்கினோம்.

பொன்னாயி ஓடி வந்தா. அந்த வகுத்தத் தூக்கிக்கிட்டு ஓடறா பாரு, அப்படியே உன்ற திமிரு! பின்னாடியே அவ மாமியாரு குப்பாயி அக்கா வந்தாங்க. "வாங்க சம்பந்தி"ன்னு தண்ணி குடுத்தாங்க. அடுத்த வார்த்தை, "சீட்டு எங்கீங்க?"

"சட்டமே போயிருச்சுங்களே."

"யாரு சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்குதுங்க."

"பேப்பரா வந்து என்ற மருமகளச் செயில்ல இருந்து கூட்டியாரும்? சீட்டு இல்லாம அனுப்ப மாட்டேனுங்க."

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்ங்கற கதையாப் போச்சு. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. நாலு வார்த்தை கேட்டுருப்பேன். செல்லம்மாதான் என்ற வேட்டிய இழுத்து, "அந்தம்மா கதை உங்களுக்குத் தெரியாதா?"ன்னா. தெரியும். அவங்க அண்ணன் பவானியில செத்தப்ப ஆத்தத் தாண்டி மொகம் பாக்கப் போனாங்க, சீட்டில்லாம. மூணு மாசம் போட்டாங்க. கைக்கொழந்தையோட. அந்தக் கைக்கொழந்தைதான் நம்ம மாப்பிள்ளை. அதுக்கப்புறம் அவங்க அந்த ஆத்துப் பாலத்துப் பக்கமே போனதில்ல. அவங்கள நான் எப்படித் திட்டறது?

அப்பத்தான் அக்கா, உன்ற படிச்ச தம்பி ஒரு காரியம் பண்ணினேன். சிரிக்காதே. நேரா போலீசு ஸ்டேசனுக்குப் போனேன்.

ரைட்டரு தலை நிமிந்து, "என்னய்யா?"ன்னாரு. துண்டு தானா இடுப்புக்குப் போயிருச்சு, கை தானாக் கட்டிக்கிச்சு. "சாமி, வேலூர்ப் பக்கம் மாரப்பனுங்க. அக்கா பொண்ணப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போகோணும், சீட்டு..."

"சீட்டெல்லாம் இப்ப இல்லய்யா. பொஸ்தகத்தையே கட்டி அனுப்பியாச்சு. போ."

"அது தெரியுமுங்க. சீட்டு வேண்டாம்னு ஒரு சீட்டு குடுத்தீங்கன்னா..."

அவரு பேனாவக் கீழ வெச்சாரு. "சீட்டு வேண்டாங்கறதுக்கு ஒரு சீட்டா?"

"ஆமாங்க. முத்திரை குத்தி."

"யோவ், இல்லாத சட்டத்துக்கு எந்த முத்திரையக் குத்துவேன்? அப்புறம் அந்தச் சீட்டு செல்லும்னு இன்னொரு சீட்டு கேப்பே. வெய்யில் ஏறுது, போய்யா."

வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னேன். வெக்கம் புடுங்கித் தின்னுச்சு. ஊருல அத்தன பேருக்கும் நான்தான் சட்டம் சொல்றேன். வெளியூர்ச் சந்தையில ராத் தங்கலாமா, தங்கலாம். பொண்ணு பாக்கச் சேலம் போனா செவ்வாய்ப்பேட்டைச் சத்தரத்துல நெசப் பேரச் சொல்லித் தங்கலாமா, தாராளமாச் சொல்லலாம். அப்படிச் சொன்ன வாயி, அவுத்து உட்டும் தொழுவத்துலயே நிக்கற மாடாட்டம் போலீசுகிட்டயே சீட்டு கேட்டுச்சு. குப்பாயி அக்காவக் கோவிச்சுக்க எனக்கு என்ன யோக்கியதை?

வெறுங்கையோட திரும்பினேன். புளிச்சோறு தவுத்து மத்ததெல்லாம் ஊசிப் போற நேரம். குப்பாயி அக்கா வாசல்லயே நின்னாங்க.

"குடுத்தாங்களா?"

"குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

அவங்க மொகம் செத்துப் போச்சு. பொன்னாயி உள்ள இருந்து விசும்பறது கேட்டுச்சு. அந்தம்மா மெதுவாக் கேட்டாங்க. "நீங்க ஸ்டேசனுக்குள்ளயே போனீங்களா?"

"ஆமாங்க."

"வேலூர்ல இருந்து வந்திருக்கேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க."

"கையில சீட்டில்லாமயா?"

"இல்லாமத்தானுங்க."

"அடிக்கல?"

"அடிக்கலீங்க. வெய்யிலு ஏறுது போய்யான்னாரு."

என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. கையத் தொட்டுப் பாத்தாங்க அக்கா, எங்கயாச்சும் வீங்கியிருக்கான்னு. அப்புறம் சேலைத் தலைப்ப வாயில வெச்சுக்கிட்டு, "அப்ப நெசந்தான்"ன்னாங்க. தேம்பித் தேம்பி அழுதாங்க. பேப்பருல அச்சடிச்சத நம்பாதவங்க, ஸ்டேசனுக்குள்ள போனவன் முழுசாத் திரும்பி வந்ததப் பாத்து நம்பினாங்க.

அழுது முடிச்சு மூக்கச் சிந்திட்டு, "இருங்க, நானும் வாரேன்"ன்னு கெளம்பிட்டாங்களே! கட்டுச்சோத்துக்கு மாமியாரும் கூடவே வாரது எந்த ஊரு வழக்கம்? யாருக்கு வேணும் வழக்கம்? பஸ்ஸுல சன்னலோரம் பொன்னாயிக்குன்னு புடிச்ச எடத்துல அவங்க உக்காந்துக்கிட்டாங்க. காக்கித் துணி கண்ணுல பட்டாப் போதும், குனிஞ்சுக்குவாங்க. திருச்செங்கோடு தாண்டினதும் குனியல. வேலூரு வாரதுக்குள்ள, "ஏனுங்க, இந்தப் பஸ்ஸு கரூருக்கும் போகுங்களா?"ன்னு கண்டக்டரு உசுர எடுத்துட்டாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு, உன்ற ஊட்டுல, நீ படுத்த அதே பாயில, பொம்பளப் புள்ள பொறந்துச்சு. தாயும் புள்ளையும் சொகம். மருத்துவச்சி பக்கத்துலயே இருந்தா, செல்லம்மா இருந்தா, குப்பாயி அக்கா இருந்தாங்க. நீ ஒருத்திதான் இல்ல. புள்ள வீல்னு கத்தின சத்தம் கேட்டதும் நான் கெணத்தடிக்குப் போயி உக்காந்துக்கிட்டேன். அன்னைக்கு அடுப்புப் புகைன்னு யாருக்கும் சொல்லல. அழுதேன். பேரு வெக்கற உரிமை அவங்க பக்கத்துக்குத்தானே? குப்பாயி அக்கா யோசிக்கவே இல்ல. "பாவாயி"ன்னாங்க.

பொறந்ததப் பதியறதுக்கு மணியக்காரர் ஊட்டுக்குப் போனேன். அவரு என்னைக் கண்டதும் ஆசர்ப் பொஸ்தகம் இருந்த பலகைக்குக் கையக் கொண்டு போயிட்டாரு. அங்க ஒண்ணும் இல்ல. "பழக்கம் மாரப்பா"ன்னாரு. "எனக்கும் அதேதானுங்க"ன்னேன், இடுப்புல இருந்த துண்டத் தோளுக்கு மாத்திக்கிட்டு. அப்புறம் ஊரு சனம் அத்தனைக்கும் இருக்கற பொறப்பு எறப்புப் பொஸ்தகத்த எடுத்தாரு. கவுண்டர் ஊட்டுப் பேரனுக்கு அடுத்த வரியில உன்ற பேரு ஏறிருச்சு.

எல்லாம் தீந்துருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். சந்தையில ஒரு பூட்டு ஒடைஞ்சா போலீசு இன்னமும் மொதல்ல நம்ம தெருவுக்குத்தான் வாரான். வந்து கதவத் தட்டினா தெறந்துதான் ஆகோணுமான்னு போன வாரம் எதுத்த ஊட்டு ராக்கி கேட்டா. வக்கீலு ஒருத்தரக் கேட்டுச் சொல்றேன்னேன். நீ இருந்தா என்ன சொல்லியிருப்பே? தட்டறவனையே நாலு கேள்வி கேட்டிருப்பே.

மூணாம் மாசம் தாயையும் புள்ளையையும் கொண்டு போயி உடோணும். அப்படியே ஆத்தத் தாண்டிப் பவானிக்கும் போயி, குப்பாயி அக்காவோட செத்துப் போன அண்ணன் ஊட்டுல தங்கறதாப் பேச்சு. எந்த நாளு கெளம்பறோம், எந்த வழியாப் போறோம், எத்தன நாளு தங்கறோம், ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டேன் அக்கா, இது சத்தியம். உன்கிட்ட மட்டும் வந்து சொல்லிட்டுப் போவேன்.

உன்ற கூடப்பொறந்தவன்,
பொன்னாயிக்குத் தாய்மாமன்,
மாரப்பன்