கரையான்மேல் போட்ட பழி

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

காலைத் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, படிக்கட்டிலேயே, பத்துப் பேர் காதில் விழும்படி ஒருத்தி கேட்டாள்: “என்னம்மா, இன்ஜின் கம்பெனிய மூடிட்டீங்களாமே?”

“பராமரிப்பு வேலை நடக்கிறது” என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை என் மகன் ஜெகன் கேட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தான். படகுக்கும் கிணற்றுக்கும் இன்ஜின் செய்த நாற்பத்து மூன்று வருடத் தொழிற்சாலை. மலிவான வெளிநாட்டு இன்ஜின்கள் வந்த பிறகும் மூன்று வருடம் இழுத்துப் பார்த்தான், பாவம். பராமரிப்பாம்! கோயில் வாசலில் நின்றுகொண்டு சொன்னேன்.

போன வாரம்வரை முதலாளியாக இருந்த என் மகன் நேற்று முதல் ஏழு மணி புதுச்சேரி பஸ்ஸில் போகிறான். அடுத்தவர் கம்பெனியில் கொள்முதல் பிரிவு. கழுத்தில் மாட்டும் அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு படி இறங்கினான். மருமகள் நித்யா சாப்பாட்டு டப்பாவை நீட்டியபோது நான் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

லூர்துசாமி வந்தான். நம்மிடம் முப்பத்தோரு வருடம் ஃபோர்மேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அம்மா, ஸ்டோர்ல இருக்கற பேட்டர்ன மட்டும் எனக்குக் குடுங்கம்மா. சிதம்பரத்துல வண்டிகேட் பக்கம் சின்னதா ஒரு பட்டறை பாத்திருக்கேன். ஹெட்டு, பம்ப்பு பாடின்னு கேட்டு வர்றவங்களுக்கு வார்த்துக் குடுத்துடுவேன். இஞ்சின் வச்சிருக்கறவங்க பாவம், எங்க போவாங்க?”

பேட்டர்ன் என்றால் தேக்கில் செதுக்கிய அச்சு. மண்ணில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் இரும்பை உருக்கி ஊற்றினால் பாகம். நம் இன்ஜினின் பாகம் வேறு எந்த இன்ஜினுக்கும் பொருந்தாது. வேறு எதுவும் நம்முடையதற்குப் பொருந்தாது. மறைந்த என் கணவர் அப்படித்தான் வடிவமைத்தார். மேல்மூடியான ஹெட்டின் நெற்றியில் என் பெயரையே வைத்தார்: ரோசி. கல்யாணமான புதிதில் எனக்குப் பிடிக்கவில்லை. படகுக்காரர்கள் “ரோசி இன்னிக்கு மொரண்டு புடிக்குது” என்று சிரிப்பார்கள்.

“யோசித்துச் சொல்கிறேன்” என்றேன் லூர்துசாமியிடம். யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு தகரக் கொட்டகையில் என் பெயரை வார்க்க விடுவதா?

15 பிப்ரவரி, சனி

இன்று பேட்டர்ன்களை எரிக்கச் செய்தேன்.

ஒவ்வொரு மே முதல் தேதியும், தொழிலாளரான சூசையப்பர் திருநாளில், பங்குச் சாமியார் தொழிற்சாலைக்கு வந்து பேட்டர்ன் அடுக்குகள் மேல் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மந்திரித்த பொருளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது; எரிக்க வேண்டும், அல்லது புதைக்க வேண்டும். கான்வென்டில் சிஸ்டர்கள் கற்றுத் தந்தது. பழைய குருத்தோலையைக்கூட நான் குப்பையில் போட்டதில்லை.

வாட்ச்மேன் இளவரசு இரண்டு முறை கேட்டான்: “எல்லாத்தையுமாம்மா? தேக்கும்மா.” எல்லாவற்றையும்தான். குடை பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றேன். நல்ல தேக்கு. மெதுவாகத்தான் பிடித்தது.

முறைப்படி செய்திருக்கிறேன்.

5 மார்ச், புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கழுவிவிட்டேன். மற்ற வருடங்களில் மாலைவரை வைத்திருப்பேன்.

16 ஏப்ரல், புதன்

சாப்பிடாமலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். சந்திரலேகா, பிச்சாவரம் பக்கம். ஸ்கூட்டரில் அரிசிச் சாக்கு. சாக்கைப் பிரித்து இன்ஜின் ஹெட்டை நம் மொசைக் தரையில் வைத்தாள். குறுக்கே விரல் நீளத்துக்கு வெடிப்பு.

“நேத்திலேர்ந்து மீன்புடி தடைக்காலம்மா. எல்லாரும் இப்பதான் இஞ்சினப் பிரிப்பாங்க. எங்க வூட்டுக்காரரு தமிழ்மணி பிரிச்சா, இப்படிப் பொளந்து கெடக்குது. ஜூன் பதினஞ்சுக்குக் கடல் தொறக்கும். அதுக்குள்ள இது வேணும். இல்லன்னா அவரு மச்சான் படகுல கூலிக்குத்தான் போவணும். அந்த மச்சானோட வாய் உங்களுக்குத் தெரியாது!”

பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே நம் அட்டை. இன்ஜின் வாங்கும் ஒவ்வொருவருக்கும் நான் கைப்பட எழுதிக் கொடுத்தது. அச்சடிக்கலாம் என்று ஜெகன் சொன்னபோது மறுத்தவள் நான். ‘இந்த இன்ஜின் ஓடும் காலம்வரை இதன் பாகங்களுக்கு நாங்கள் பொறுப்பு.’ என் கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை.

“இது நீங்க எழுதினதுதானேம்மா?”

“ஆமாம்.”

“அப்ப குடுங்க.”

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வந்தது இதுதான்: “பேட்டர்ன் எல்லாம் கரையான் அரித்துவிட்டது, அம்மா. ஸ்டோரில் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்.”

யார் விட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. ஹெட்டைச் சாக்கில் போட்டுத் தூக்கினாள். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

தேக்கைக் கரையான் லேசில் தொடாது. அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை; சாமியார் காதில் எந்த வாயால் இதைச் சொல்வது? நித்யாவிடம் தலைவலி என்றேன். அதுவும் பொய்.

28 ஏப்ரல், திங்கள்

வேறு இடத்தில் காவல் வேலைக்குச் சேர நன்னடத்தைக் கடிதம் வேண்டும் என்று இளவரசு வந்தான். எழுதிக் கொடுத்தேன். போகிற போக்கில் சொன்னான்.

“லூர்துசாமி அண்ணன நார்நாராக் கிழிக்கறாங்கம்மா. ‘ஸ்டோர் சாவி உன்கிட்டதானய்யா இருந்துச்சு? கரையானுக்குத் தீனி போட்டு வளத்தியா?’ன்னு பட்டறையிலயே வந்து கேக்கறாங்க. ஒருத்தன் ‘புது பட்டறைக்கு வேல வரணும்னு இவனே ஒளிச்சு வச்சிருப்பான்’னு சொல்லிட்டான்.”

“லூர்துசாமி என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலம்மா.”

“அவனுக்குத் தெரியாதா — எரித்தது?”

இளவரசு தரையைப் பார்த்தான். “அன்னிக்கு சாயந்திரமே நான் சொல்லிட்டேன்மா.”

தெரிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து வாரமாக.

இனி எனக்கு நானே எதை எழுதி ஏமாற்றுவது? மந்திரித்தது, முறை — எல்லாம் சாக்கு. முறை தெரிந்தவள், எரிப்பதற்கு முன் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேனா? என் மகன் அடையாள அட்டையை ஒளித்துக்கொண்டு பஸ் ஏறும்போது, அவன்கீழ் வேலை பார்த்தவன் வாசலில் ஊர் வந்து நிற்பதா? அது பொறுக்கல. அவ்ளோதான். பொறாமை புடிச்ச கிழவி. மரத்த எரிச்சது போதாதுன்னு அந்த மனுஷன் பேரையும் சேர்த்து எரிச்சுட்டேன்.

1 மே, வியாழன்

இந்த வருடம் மந்திரிக்க ஒன்றுமில்லை. வீட்டிலேயே இருந்தேன்.

8 மே, வியாழன்

பாவசங்கீர்த்தனம் போன சனிக்கிழமையே செய்துவிட்டேன். சாமியார் ஜெகனைவிட இளையவர். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பிறகு, “உங்க பொய்யக் கேட்டவங்க முன்னாடி போய்ச் சொல்லிடுங்க அம்மா” என்றார். ஐந்து நாள் தள்ளிப் போட்டேன்.

இன்று சிதம்பரம் போனேன். பஸ்ஸில். காரைக் கேட்டால் ஜெகன் காரணம் கேட்பான்.

வண்டிகேட்டில் விசாரித்துப் பட்டறையைக் கண்டுபிடித்தேன். தகரக் கொட்டகைதான். சந்திரலேகா இருந்தாள், அவள் கணவன் தமிழ்மணி, இன்னும் நாலைந்து படகுக்காரர்கள். வெடித்த ஹெட்டை நடுவில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துத் தச்சர் ஒருவர் புதுப் பேட்டர்ன் செதுக்கிக்கொண்டிருந்தார். லூர்துசாமி என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இந்த முறை நான் உட்காரவில்லை.

“பேட்டர்னைக் கரையான் அரிக்கவில்லை. நான் எரித்தேன். லூர்துசாமி கேட்டும் கொடுக்காமல் எரித்தேன். பழியை அவர்மேல் விழ விட்டேன்.”

பஸ்ஸில் நாற்பது தடவை சொல்லிப் பார்த்த வாக்கியங்கள். குரல் கம்மாமல் வந்தது. அதில்கூட எனக்கு ஒரு பெருமை, பாருங்கள்.

தமிழ்மணி மெதுவாக, “கரையான் பட்டுச் சீல கட்டினு பஸ்ல வரும்னு இப்பதான் தெரியுது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லூர்துசாமி மட்டும் சிரிக்கவில்லை.

“விடுங்கப்பா. அம்மா, இந்த வெயில்ல ஏம்மா வந்தீங்க? போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேனே.”

அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

கிளம்பும்போது சந்திரலேகா என்னைத் தாண்டிப் போனாள், முகம் பார்க்காமல். அவள் சிரித்தவர்களில் இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

9 மே, வெள்ளி

ஜெகனிடமும் சொன்னேன். “உங்களுக்காம்மா இது தோணுச்சு?” என்றான். அவ்வளவுதான்.

13 மே, செவ்வாய்

இன்ஜின் வாங்கியவர்களின் பதிவேட்டை எடுத்தேன். போன் எண் உள்ளவர்கள் 412 பேர். ஒரு நாளைக்குப் பத்துப் பேர். எல்லோரிடமும் ஒரே விஷயம்: பேட்டர்ன்களை நான்தான் எரித்தேன், பாகம் வேண்டுமானால் சிதம்பரத்தில் லூர்துசாமியைக் கேளுங்கள், உடனே கிடைக்காது, ஆனால் செய்கிறார். இது சாமியார் சொன்னதல்ல.

இன்று பத்துப் பேரில் ஆறு பேர் எடுத்தார்கள். ஒருவர் வைதார். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன்.

15 ஜூன், ஞாயிறு

கடல் திறந்துவிட்டது. தமிழ்மணி மச்சான் படகில் கூலிக்குப் போயிருக்கிறார். லூர்துசாமி வார்த்த முதல் ஹெட்டில் ஓட்டை, இரண்டாவது ஒரு நூல் சிறுத்துப்போனது. இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்கு எவ்வளவு கூட்டிச் செதுக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அந்தப் பழைய தேக்கில் இருந்தது. என் கணவர் பதினைந்து வருடம் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த கணக்கு.

24 ஜூன், செவ்வாய்

மூன்றாவது ஹெட் சரியாகப் பொருந்தி நின்றது. லூர்துசாமி போனில் சொன்னார். பத்து நாள் கூலி வேலை தமிழ்மணிக்கு. பத்து நாள் அந்த மச்சானின் வாய். அதை யாரும் திருப்பித் தர முடியாது.

3 ஜூலை, வியாழன்

இன்று ஏழாவது அழைப்பு, ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் ஒரு கொளஞ்சியம்மாள். 2006-இல் கிணற்றுக்கு இன்ஜின் வாங்கியவர் அவர் கணவர், இப்போது இல்லை. நான் வழக்கமான வாக்கியங்களைச் சொன்னேன்.

“சரி, எரிச்சீங்க. அதுக்கு ஏம்மா அழுவுறீங்க?”

நான் அழவில்லை என்றேன்.

“எங்க இஞ்சின் நல்லா ஓடிக்கினுதாம்மா இருக்குது. இப்பகூடத் தண்ணி எறைக்குது. இருங்க, காட்டறேன்.”

போனை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார். மூச்சு வாங்கியது, ஒரு நாய் குரைத்தது. பிறகு அந்தச் சத்தம். ஜனவரிக்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்டேன்.

“கேக்குதாம்மா?” என்று கத்தினார்.

“கேட்கிறது. ஒரு வால்வு லேசாகத் தட்டுகிறது. விட்டுவைக்காதீர்கள், தண்ணீர் பாய்ச்சி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். லூர்துசாமியின் எண்ணைத் தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.”

எழுதப் படிக்கத் தெரியாது என்றார். ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, மனப்பாடம் ஆகும்வரை திருப்பிச் சொல்ல வைத்தேன். நாலாவது முறை தப்பில்லாமல் சொன்னார்.